சாலைக் கம்போளத்தில் தங்குவது எவ்வளவு?

2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11 சதவீதத்துக்கு மேல் வளர்ந்திருப்பதாக மத்திய அரசின் புள்ளிவிவரங்கள் காட்டின. அதே ஆண்டில் கேரளத்தின் வளர்ச்சி 6 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. எண்களை மட்டும் பார்ப்பவர், பிழைப்புத் தேடுகிறவர்கள் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு அல்லவா போக வேண்டும் என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கையேட்டில் வேறொரு அட்டவணை இருக்கிறது. 2022-23ல் கேரளக் கிராமப்புறத்தில் கட்டட வேலை செய்பவரின் சராசரி நாட்கூலி ரூ.852.50. தமிழ்நாட்டில் அது சுமார் ரூ.500. அகில இந்திய சராசரி ரூ.393.30. வேகமாக வளர்வது ஒரு மாநிலம். கூலி அதிகம் கொடுப்பது இன்னொரு மாநிலம்.

இது எப்படி என்பதற்கு நிபுணர்கள் பெரிய புத்தகங்களில் விடை சொல்கிறார்கள். திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை சாலைக் கடைவீதியில் நடந்து போனாலே விடையின் பெரும்பகுதி கண்ணில் படும். லாரியிலிருந்து இறங்கும் மூட்டை எந்த ஊரிலிருந்து வந்தது, அதை வாங்குகிறவர் கையிலுள்ள பணம் எந்த நாட்டிலிருந்து வந்தது, அதைச் சுமப்பவர் எந்த மாநிலத்துக்காரர் என்று விசாரித்தால் போதும்.

திவான் திறந்த கம்போளம்

சாலைக் கம்போளம் தானாக முளைத்த சந்தை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் திட்டமிட்டு உண்டாக்கியது. அவர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு பகுதியில் பிறந்தவர். இளமையில் ஒரு வணிகரிடம் கணக்கெழுதியவர் என்று சொல்வார்கள். (கடைக் குமாஸ்தாக்கள் இதைக் கவனிக்கலாம்.) சமஸ்தானத்தின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. கோட்டைக்குள் அரண்மனையும் கோயிலும் உத்தியோகஸ்தர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அரிசி வேண்டும், துணி வேண்டும், எண்ணெய் வேண்டும். நெல் விளைவதோ தெற்கே நாஞ்சில் நாட்டில். நடுவே கரமனையாறும் கிள்ளியாறும் கிடந்தன. வழி திருத்தி, பாலம் போட்டு, வணிகர்களை வரவழைத்துக் கடை வைக்கச் செய்தார் திவான். அந்த நாள் முதல் இத்தெருவின் வியாபாரத்தில் தமிழ் ஒலித்து வருகிறது. சாலைத் தமிழர்களை நேற்றுப் பிழைக்க வந்தவர்கள் என்று நினைப்பவர்களுக்குச் சரித்திரம் தெரியாது என்றுதான் கொள்ள வேண்டும்.

பொருளாதார வளர்ச்சிக்குக் காரணமான சக்திகளில் மிகப் பழையது இதுதான். பாலம் போட்டதால் வயலில் ஒரு மரக்கால் நெல் கூட விளைந்துவிடவில்லை. ஆனால் விளைந்த நெல்லுக்கு வாங்குகிறவர் கிடைத்தார். விற்கலாம் என்று தெரிந்ததும் விவசாயி தன் சாப்பாட்டுக்கு மேலும் பயிரிடுகிறார். வண்டிக்காரருக்கு வாடகை, கடைக்காரருக்கு லாபம், சமஸ்தானத்துக்குச் சுங்கம். ஒரு பாலத்தின் பலன் அதன் இரு கரையோடு நிற்பதில்லை.

ரயில் இந்தக் காரியத்தில் பின்தங்கிவிட்டது. கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு 1918லேயே ரயில் வந்தது. 1931ல் தம்பானூர் வரை நீண்டது. அங்கேயே நின்றுவிட்டது. தெற்கே நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் தண்டவாளம் போட்டு வண்டி ஓடியது 1979ல்தான். நாகர்கோவிலையும் திருநெல்வேலியையும் இணைத்தது 1981ல். அதுவரை திருவனந்தபுரத்தில் ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போக வேண்டியவர் வடக்கே கொல்லம் போய், செங்கோட்டை மலைவழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். சரக்கு காத்திருக்குமா? தண்டவாளம் வருவதற்குள் சாலை வியாபாரம் லாரிக்குப் பழகிவிட்டது. இன்றும் காய்கறியும் பூவும் லாரியிலும் வேனிலும்தான் வருகின்றன.

நடுவில் விழுந்த கோடு

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தமிழ் பேசும் மக்கள் போராடிப் பெற்ற உரிமை அது. அதன் நியாயத்தில் சந்தேகமில்லை. ஆனால் கடைத்தெருவின் கணக்கில் நடந்தது என்ன? கம்போளம் ஒரு மாநிலத்திலும் அதன் நெற்களஞ்சியம் இன்னொரு மாநிலத்திலுமாகப் போயின. உணவுத் தட்டுப்பாடு மிகுந்த 1960களில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு அரிசி கொண்டு போகக் கட்டுப்பாடுகள் வந்தபோது, நேற்றுவரை வியாபாரம் என்றிருந்தது களியக்காவிளையில் கடத்தல் என்று பெயர் பெற்றது. தலைச்சுமையாகப் பத்துப் படி அரிசி கொண்டுவந்த கிழவிக்கும் அதே பெயர்தான்.

கேரளம் தானே நெல்லை அதிகம் விளைவித்திருக்கலாமே என்று கேட்கலாம். நடந்தது நேர் எதிர். 1974-75ல் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் பயிரானது. அண்மை ஆண்டுகளில் அது 2 லட்சம் ஹெக்டேரை ஒட்டியே நிற்கிறது. வயல்கள் வாழைக்கும் தென்னைக்கும் ரப்பருக்கும் வீட்டு மனைக்கும் போயின. வயல் வேலைக்கான கூலி உயர்ந்தது. அரிசி விலை அந்த அளவுக்கு உயரவில்லை. நஷ்டத்துக்கு நெல் பயிரிட எந்த விவசாயியும் தர்மகர்த்தா அல்லவே.

எண்ணெய் விலையும் கொத்தனார் கூலியும்

1970களின் தொடக்கத்தில் கேரளம் நிபுணர்களுக்கு ஒரு புதிராக இருந்தது. திருவனந்தபுரத்தில் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் முன்னின்று அமைத்த வளர்ச்சி ஆய்வு மையம், ஐக்கிய நாடுகள் சபைக்காகச் செய்த ஆய்வு 1975ல் வெளிவந்தது. இங்கே வருமானம் குறைவு. ஆனால் படிப்பிலும் ஆயுளிலும் குழந்தைகள் உயிர் பிழைப்பதிலும் பணக்கார மாநிலங்களைவிட நிலைமை மேல் என்று அது எடுத்துக்காட்டியது. பிறகு இதற்குக் ‘கேரள மாடல்’ என்று பெயர் வந்தது. புகழ் வந்தது, தொழில் வரவில்லை. 1980களின் நடுப்பகுதி வரை மாநில உற்பத்தி மந்தமாகவே ஊர்ந்தது.

முடிச்சை அவிழ்த்தது கேரளத்தின் திட்டம் எதுவும் அல்ல. 1973ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. சில மாதங்களில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. வளைகுடா நாடுகளில் பணம் குவிந்தது. ரோடும் கட்டடமும் துறைமுகமும் எழுந்தன. வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது, கடிதம் எழுதவும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கவும் தெரிந்த, உள்ளூரில் வேலை கிடைக்காத இளைஞர்கள் கேரளத்தில் ஏராளமாக இருந்தார்கள். நூறாண்டுக்கு மேலாகப் பள்ளிக்கூடத்தில் போட்ட முதலீடு, போட்டவர்கள் கனவிலும் நினைக்காத இடத்தில் வட்டி கொடுத்தது. கல்வி வளர்ச்சிக்கு உதவும் என்பது உண்மை. எந்த வழியில், எந்த ஆண்டில் உதவும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதும் உண்மை.

வந்த பணத்தின் அளவு சாதாரணமல்ல. 2023ஆம் ஆண்டுக் கேரள இடப்பெயர்ச்சிக் கணக்கெடுப்பின்படி வெளிநாட்டிலுள்ள கேரளத்தவர் சுமார் 22 லட்சம் பேர். அவ்வாண்டில் அவர்கள் அனுப்பியது சுமார் 2.16 லட்சம் கோடி ரூபாய் என்பது மதிப்பீடு. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2018ல், இது 85 ஆயிரம் கோடியாகக் கணக்கிடப்பட்டிருந்தது.

இந்தப் பணத்தில் முதலில் வீடு கட்டுகிறார்கள். இங்கேதான் கூலியின் ரகசியம் இருக்கிறது. உள்ளூர்க் கொத்தனார் துபாய்க்குப் போய்விட்டார். அவர் அனுப்பிய பணத்தில் ஊரில் வீடு எழும்ப வேண்டும். கட்ட ஆள் இல்லை. கூலி ஏறியது. கட்டட வேலையில் கூலி ஏறினால் வயல் வேலைக்கும் மூட்டை தூக்கவும் பழைய கூலிக்கு ஆள் கிடைக்காது. தொழிற்சங்கங்கள் அந்த உயர்வு இறங்கிவிடாமல் பிடித்து நிறுத்தின. சுமைத் தொழிலாளர்களுக்கென்றே 1978ல் கேரளம் தனிச் சட்டம் செய்தது. வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கும் பணம் கேட்கும் ‘நோக்குக்கூலி’ என்ற வழக்கமும் கூடவே வளர்ந்தது. 2018ல் அரசு அதைத் தடை செய்தது. சங்கம் தொழிலாளிக்குச் செய்த நன்மையை இந்த ஒரு கெட்ட பெயரால் மறைப்பது சரியல்ல. ஆனால் அந்தக் கெட்ட பெயர் காரணமின்றி வந்ததும் அல்ல.

கேரளத்துக்காரர் விட்டுப்போன இடத்துக்கு நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1970களிலும் 80களிலும் கேரளத்தில் ‘வெளி ஆள்’ என்றால் பெரும்பாலும் தமிழர்தான். அதே ஆண்டுகளில் எதிர்த்திசையில் வேறொன்று நடந்தது. கொல்லத்து முந்திரித் தொழில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லையைக் கடந்து கன்னியாகுமரி மாவட்டத்துக்கு நகர்ந்தது. கேரளத்தில் நிர்ணயித்த கூலியைக் கொடுக்க விரும்பாத முதலாளிகள் அங்கே கொட்டகை போட்டார்கள். அதாவது, கூலி உயர்ந்த இடத்துக்குத் தொழிலாளி வந்தார். கூலி குறைந்த இடத்துக்குத் தொழில் போனது. இரண்டும் களியக்காவிளை வழியாகத்தான். கன்னியாகுமரி மாவட்டத்து ஆண் திருவனந்தபுரத்தில் சிமெண்டுக் கலவை சுமக்க, அவர் வீட்டுப் பெண் ஊரில் முந்திரிக் கொட்டையை உடைத்துத் தோல் உரித்தார். இரு மாநில வளர்ச்சிக் கணக்கிலும் அந்த ஒரே குடும்பத்தின் உழைப்பு ஏறியது.

பணம் எங்கே போகிறது?

இனி அந்த இரண்டு எண்களின் புதிருக்கு வரலாம். சாலையில் ஒரு குடும்பம் ஓணத்துக்குச் சாமான் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்கறி ஒட்டன்சத்திரத்திலிருந்தோ பாவூர்சத்திரத்திலிருந்தோ வந்திருக்கும். பூ தோவாளையிலிருந்து. வெங்காயம் மகாராஷ்டிரத்திலிருந்து, மிளகாய் ஆந்திரத்திலிருந்து, வேட்டி ஈரோட்டிலிருந்து. அவர்கள் கொடுக்கும் ரூபாயில் விளைவித்தவர் பங்கும் நெய்தவர் பங்கும் மண்டிக் கமிஷனில் ஒரு பகுதியும் லாரி வாடகையில் பெரும்பகுதியும் வெளியே போய்விடுகின்றன. இங்கே தங்குவது கடைக்காரர் லாபம், கடை வாடகை, இறக்கு கூலி, குமாஸ்தா சம்பளம். ஒரு பொருளைச் செய்த இடத்தில் உண்டாகும் மதிப்பு அந்த மாநிலத்தின் உற்பத்திக் கணக்கில் சேரும். விற்ற இடத்துக்குக் கிடைப்பது விற்பனையின் சில்லறைதான்.

ஆகக் கேரளம் வளைகுடாவில் உழைத்துச் சம்பாதித்த பணத்தின் ஒரு பங்கு, சாலை போன்ற கம்போளங்கள் வழியாகத் தமிழ்நாட்டு வயலுக்கும் தறிக்கும் போய் அங்கே வளர்ச்சியாகிறது. இதை மிகைப்படுத்தவும் கூடாது. தமிழ்நாட்டின் 11 சதவீதத்தில் கணிசமான பங்கு வாகனங்கள், மின்னணுச் சாதனங்கள் போன்ற பெருந்தொழில்களுக்குரியது. ஸ்ரீபெரும்புதூரில் நடப்பதற்கும் சாலைப் பூக்கடைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒட்டன்சத்திரம் மண்டிக்கும் தோவாளைச் சந்தைக்கும் நிச்சயமாகச் சம்பந்தம் உண்டு. ஓணம் எந்தத் தேதியில் வருகிறது என்பதைத் தோவாளைப் பூ விவசாயி திருவனந்தபுரத்துக்காரரைவிடக் கவனமாகப் பார்த்துத்தான் செடி வைக்கிறார்.

விற்ற இடத்துக்கு வேறொரு வரவு உண்டு, அது வரி. 2017 ஜூலை 1ல் வந்த சரக்கு, சேவை வரி, பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்கே வரியில் மாநிலப் பங்கு என்று விதித்தது. உற்பத்தி செய்யும் மாநிலத்துக்கு இதனால் நஷ்டம் என்று தமிழ்நாடு எதிர்த்தது. வாங்கும் மாநிலமான கேரளம் ஆவலோடு வரவேற்றது. அமரவிளையில் வரிச் சோதனைச் சாவடியின் முன்னே வரிசையாக நின்ற லாரிகள் நிற்காமல் போகத் தொடங்கின. வியாபாரிகளுக்கு அது பெரிய விமோசனம். ஆனால் கேரளம் எதிர்பார்த்த அளவுக்கு வரி பெருகவில்லை. மாநிலங்களுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த ஈட்டுத்தொகையும் 2022 ஜூனோடு முடிந்தது. செலவழிக்கும் மாநிலம் என்பதையே பலமாக நம்பியிருக்க முடியாது என்பது கஜானாவில் தெரிந்தது.

தமிழர் இடத்தில் யார்?

சாலையில் இன்று மூட்டை இறக்கும் இடத்திலும் கட்டடச் சாரத்திலும் வங்காளியும் இந்தியும் அசாமியும் ஒரியாவும் கேட்கின்றன. 2013ல் திருவனந்தபுரத்திலுள்ள குலாத்தி நிதி, வரி ஆய்வு நிறுவனம் செய்த மதிப்பீட்டில் கேரளத்திலுள்ள வெளிமாநிலத் தொழிலாளர் சுமார் 25 லட்சம் பேர். அவர்கள் ஆண்டுக்குத் தங்கள் ஊருக்கு அனுப்புவது சுமார் 17,500 கோடி ரூபாய். அதற்குள்ளாகவே தமிழர் அதில் சிறு பகுதியாகிவிட்டனர்.

தமிழரை யாரும் விரட்டவில்லை. தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு குழந்தைகள் என்ற நிலை 1990களிலேயே வந்துவிட்டது. அந்தக் குழந்தைகள் படித்தார்கள். திருப்பூரிலும் கோவையிலும் சென்னையைச் சுற்றியும் வேலை கிடைத்தது. ஊரைவிட்டு மூட்டை தூக்க வர வேண்டிய நிர்ப்பந்தம் குறைந்தது. கேரளத்துக்கு முன்பு வளைகுடா செய்ததைத் தமிழ்நாட்டுக்கு அதன் தொழிற்சாலைகள் செய்தன என்று சொல்லலாம்.

ஆனால் ஏற்கெனவே இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பங்களின் நிலை வேறு. தகப்பன் சாலையில் நாற்பது ஆண்டு கமிஷன் கடையில் சிட்டை எழுதினார். மகனுக்கு அந்த வேலை இல்லை. கம்ப்யூட்டர் அதை எழுதுகிறது. பெரிய அங்காடிகளும் வீட்டுக்கே சரக்கு கொண்டுவரும் கம்பெனிகளும் இடைத்தரகர் இல்லாமல் கொள்முதல் செய்கின்றன. ஊருக்குத் திரும்பினால் அங்கே வீடும் இல்லை, தெரிந்தவரும் இல்லை. தமிழ்நாடு 11 சதவீதம் வளர்ந்த செய்தி இவர்களுக்கு வேற்றூர்ச் செய்திதான்.

நான்கு தாலுகாக்கள் மாறிய அதே 1956ல் அமெரிக்காவில் ராபர்ட் சோலோ என்ற பொருளாதார அறிஞர் வளர்ச்சி பற்றிய தம் கோட்பாட்டை வெளியிட்டார். மறு ஆண்டில் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, 1909 முதல் 1949 வரை அமெரிக்கத் தொழிலாளி ஒரு மணி நேரத்தில் செய்யும் உற்பத்தி உயர்ந்ததில் எட்டில் ஏழு பங்கு, கூடுதல் முதலால் வந்ததல்ல, வேலை செய்யும் முறை மேம்பட்டதால் வந்தது என்று தெரிந்தது. இன்னும் பத்து லாரி, இன்னும் பத்துக் கிடங்கு என்று சேர்ப்பதன் பலன் ஓரளவோடு நின்றுவிடும் என்பதே இதன் தாத்பரியம். சாலையிலிருந்து சில மைல் தொலைவில் கழக்கூட்டத்தில் 1990ல் தொடங்கிய டெக்னோபார்க் இதற்கு உள்ளூர் உதாரணம். அங்கே செய்வதை ஏற்றிச் செல்ல லாரி வேண்டாம். செய்தவர் சம்பளம் இங்கேயே தங்குகிறது. சாலையிலேயே தமிழ் வழி அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கிருந்து கழக்கூட்டம் வரையுள்ள தூரத்தைப் பஸ் கட்டணத்தால் அளக்க முடியாது. மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் தேறி, கல்லூரி முடித்து, போட்டித் தேர்வுகளைத் தாண்ட வேண்டும். மூட்டை தூக்கும் வேலையில் தமிழர் குறைவது குறையல்ல. அடுத்த வேலைக்கு அவர்கள் பிள்ளைகள் போய்ச் சேருகிறார்களா என்பதை எந்தக் கணக்கெடுப்பும் தனியாகக் கேட்பதில்லை.

கேரளத்துக்கே இதில் கவலை உண்டு. 2023 கணக்கெடுப்பில் வெளிநாடு சென்றவர்களில் சுமார் 2.5 லட்சம் பேர் மாணவர்கள். 2018ல் இருந்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. துபாய்க்குப் போன தகப்பன் பணம் அனுப்பினார். கனடாவுக்குப் படிக்கப் போகும் மகனுக்கு இங்கிருந்து பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது. அங்கேயே குடியேறிவிட்டால் அவர் ஊரில் வீடு கட்டப் போவதில்லை. வீடு கட்டாவிட்டால் கொத்தனார் கூலி என்ன ஆகும் என்பது சாரத்தில் நிற்பவர், எந்த மொழிக்காரராயினும், யோசிக்க வேண்டிய விஷயம்.

விழிஞ்ஞம்

எல்லோரும் இப்போது விழிஞ்ஞத்தைக் காட்டுகிறார்கள். 2015ல் வேலை தொடங்கிய அந்தத் துறைமுகத்துக்கு 2024 ஜூலையில் முதல் பெரிய கண்டெய்னர் கப்பல் வந்தது. 2025 மே 2ஆம் தேதி பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இயற்கையிலேயே ஆழமான கரை. சர்வதேசக் கப்பல் வழிக்கு மிக அருகில். இதுவரை கொழும்பிலும் சிங்கப்பூரிலும் மாற்றி ஏற்றிய இந்தியச் சரக்கில் ஒரு பங்கை இங்கேயே மாற்றலாம் என்பது திட்டம். நல்ல திட்டந்தான்.

ஆனால் பெரிய கப்பலிலிருந்து இறங்கும் பெட்டி சின்னக் கப்பலில் ஏறிப் போய்விட்டால் ஊருக்குக் கிடைப்பது கிரேன் கட்டணமும் துறைமுகச் சம்பளமும்தான். அது வளைகுடாப் பணம் சாலை வழியாகப் போவது போலத்தான். பெட்டி இங்கே திறக்கப்பட வேண்டும். பிரித்து, பதப்படுத்தி, பூட்டி அனுப்பும் தொழில் பக்கத்தில் எழ வேண்டும். அதற்கு ரோடும் ரயிலும் தேவை. விழிஞ்ஞத்திலிருந்து பாலராமபுரத்துக்கு 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை, பெரும்பகுதி சுரங்கத்துக்குள் செல்லும்படி, திட்டமிடப்பட்டிருக்கிறது. பாலராமபுரம் இருப்பது 1979ல் வண்டி ஓடத் தொடங்கிய அதே நாகர்கோவில் பாதையில். அதன் ஒரு திசையில் தம்பானூர். மறுதிசையில் நாகர்கோவிலும் திருநெல்வேலியும். கிடங்குகளும் ஆலைகளும் எல்லைக்கு எந்தப் பக்கம் எழும் என்பதை நிலத்தின் விலையும் கூலியும் மின்கட்டணமும் சேர்ந்து தீர்மானிக்கும். முந்திரி போன வழி இன்னும் திறந்தே இருக்கிறது.